கை படாத கரிசனம்

மனிதவளத் துறையிலிருந்து மின்னஞ்சல் வந்தாலே பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அடிவயிறு கலங்கும். ஆட்குறைப்பா? இந்த வருஷமும் ஹைக் கிடையாதா? வீட்டிலிருந்து வேலை பார்த்தது போதும், வாரம் ஐந்து நாளும் வந்து சேருங்கள் என்கிறார்களா? பயந்துகொண்டே திறந்தால் ஒரு தாமரைப் பூ. பூவுக்கு மேல் இரண்டு உள்ளங்கை. உள்ளங்கையிலிருந்து ஊதா நிறத்தில் ஒளி வழிகிறது. "அன்பான குடும்பத்தினரே, உங்கள் நலமே எங்கள் பலம். வரும் புதன்கிழமை வைகை அறையில் ரெய்கி சிகிச்சை. ஆளுக்கு 20 நிமிடம். முதலில் பதிவு செய்பவர்களுக்கு முன்னுரிமை."

குடும்பம் என்று கம்பெனி வாயெடுத்தால் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். எந்தக் குடும்பத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளை பெல் கர்வில் வரிசை கட்டி, கடைசியில் நிற்பவனைத் தெருவில் விடுகிறார்கள்?

இந்தக் கம்பெனிகள் கூட்ட அறைகளுக்கு ஆற்றின் பெயர் வைப்பதை ஒரு கௌரவமாக நினைக்கின்றன. காவிரி, பாலாறு, தாமிரபரணி, வைகை. நண்பர் ஒருவரின் மகள் இப்படியொரு கம்பெனியில் இருக்கிறாள். எனக்குத் தகவல் சொல்வது அவள்தான். "அங்கிள், அதே வைகை ரூம்தான். போன மாசம் எங்க டீம்ல ரெண்டு பேரைக் கூப்பிட்டு, ராஜினாமா எழுதி வாங்கி, லேப்டாப்பைப் பிடுங்கி வச்சது அங்கதான். டேபிள்ல இருந்த டிஷ்யூ பாக்ஸைக்கூட மாத்தல" என்றாள். மதுரையில் வைகை வறண்டாலும் வைகை அறையில் கண்ணீர் வற்றுவதில்லை.

ரெய்கி தெரியாத அப்பாவிகளுக்காக ஒரு வார்த்தை. பிரபஞ்சமெங்கும் ஓர் உயிராற்றல் ஓடிக்கொண்டிருக்கிறதாம். தீட்சை பெற்றவர் உங்கள் தலைக்கு மேல், நெஞ்சுக்கு மேல், வயிற்றுக்கு மேல் உள்ளங்கையைக் காட்டினால் அது அவர் வழியாக உங்களுக்குள் இறங்குமாம். வெளியே சில இடங்களில் லேசாகத் தொடுவதும் உண்டு. அலுவலகத்தில் தொட்டால் விவகாரம் உள்ளகப் புகார்க் குழு வரைக்கும் போகும் என்பதால், கை நாலு விரற்கடை தள்ளியே நிற்கிறது. ஊழியரின் நோய்மீது நிர்வாகத்தின் கை எப்போதுமே அந்த இடைவெளியில்தான் இருந்து வந்திருக்கிறது, அது வேறு விஷயம்.

1922இல் ஜப்பானில் கியோட்டோவுக்குப் பக்கத்திலுள்ள குராமா மலையில் மிகாவோ உசுய் என்பவர் 21 நாள் நோன்பிருந்து இந்த ஆற்றலைப் பெற்றார் என்பது ரெய்கிக்காரர்கள் சொல்லும் தலபுராணம். அவருடைய சீடர் சுஜிரோ ஹயாஷி, கடற்படை அதிகாரி. ஹயாஷியிடம் கற்ற ஹவாயோ தகாதா என்ற அம்மாள் இதை ஹவாய்க்குக் கொண்டுபோக, அங்கிருந்து அமெரிக்கா, பிறகு உலகம். ஒருவரை 'மாஸ்டர்' ஆக்க தகாதா அம்மாள் வாங்கிய கட்டணம் 10,000 டாலர். அதுவும் 1970களின் டாலர். பிரபஞ்சம் சும்மா ஓடவிட்டிருந்ததற்கு மீட்டர் மாட்டிய புண்ணியவதி அவர்.

ஜப்பானில் எத்தனையோ இருக்க, நம்முடைய மனிதவள அதிகாரிகள் இதை மட்டும் ஏன் பொறுக்கி எடுத்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். உசுய் தன் சீடர்களுக்குத் தினமும் சொல்லிக்கொள்ள ஐந்து நெறிகளைக் கொடுத்திருக்கிறார். இன்றைக்கு ஒரு நாளாவது கோபம் கூடாது என்று தொடங்குகிறது. பிறகு கவலை கூடாது, நன்றி மறக்கக் கூடாது. நாலாவதாக, செய்யும் வேலையில் கண்ணாக இருக்க வேண்டும். கடைசியில் எல்லோரிடமும் அன்பு. ஒரு மனிதன் தன்னைத் திருத்திக்கொள்ளத் தானாக ஏற்கும் நெறி இது என்றால் எனக்கு ஆட்சேபமே இல்லை, மரியாதைகூட உண்டு. சம்பளம் கொடுப்பவன் சம்பளம் வாங்குபவனிடம் இதை ஒப்பிக்கச் சொன்னால் கதை மாறிவிடுகிறது. கோபப்படாதே, கவலைப்படாதே, கொடுத்ததற்கு நன்றியோடு இரு, வேலையைப் பார். அப்ரைசல் முடிந்த மறுநாள் எந்த நிர்வாகமும் அனுப்ப ஆசைப்படும் சுற்றறிக்கைதான் இது. தங்கள் வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதற்குத் தோதாக ஒரு மலையும் ஒரு முனிவரும் கிடைத்துவிட்டார்கள்.

இந்த ஆற்றல் இருக்கிறதா இல்லையா என்பதை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையே சோதித்துக் காட்டிவிட்டது. ரெய்கிக்கு ஒன்றுவிட்ட தங்கையாக அமெரிக்காவில் 'தெரப்யூட்டிக் டச்' என்று ஒன்று உண்டு. அதிலும் கை படாமல் உடலின் ஆற்றலைத் தடவிச் சரிசெய்வார்கள். எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக இந்தச் சிகிச்சையாளர்களை ஓர் அட்டைத் தடுப்பின் இந்தப் பக்கம் உட்காரவைத்து, இரண்டு கையையும் ஓட்டை வழியாக நீட்டச் சொன்னாள். அந்தப் பக்கம் தன் கையை அவர்களுடைய ஏதாவது ஒரு கைக்கு மேலே வைத்துக்கொண்டு, எந்தக் கையில் ஆற்றல் தெரிகிறது என்று கேட்டாள். 21 பேர், 280 தடவை. சரியாகச் சொன்னது 44 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலே பாதி தேறியிருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் ஆய்விதழில் இது வெளிவந்தது. ரெய்கியைப் பற்றியே கேட்டால், எந்த நோய்க்கும் அது பயன்படுவதாகத் தெளிவாக நிரூபணமாகவில்லை, அப்படியோர் ஆற்றல் புலம் இருப்பதற்கு அறிவியல் ஆதாரமும் இல்லை என்று அமெரிக்க அரசின் மாற்று மருத்துவ ஆய்வு மையமே சொல்லிவிட்டது. மாற்று மருத்துவத்தை ஆராய்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் அவர்கள்.

ஆனாலும் படுத்து எழுந்தவர்கள் நன்றாக இருந்தது என்கிறார்களே? நன்றாகத்தான் இருந்திருக்கும். மாரியம்மன் கோயிலில் பூசாரி வேப்பிலை அடித்தாலும் பாதிப் பேருக்கு உடம்பு லேசாகிறது. தட்டில் பத்து ரூபாய் போட்டால் அவர் திருநீறும் கொடுப்பார், ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லிப் படிவம் நீட்டமாட்டார். காலையிலிருந்து இரண்டு திரைகளை மாறி மாறி வெறித்துக்கொண்டிருந்த பெண்ணை, விளக்கணைத்த அறையில், யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், 20 நிமிடம் மல்லாக்கப் படுக்கவைத்தால் நன்றாக இல்லாமல் என்ன செய்யும்? மேலே மாஸ்டர் கை காட்டினாலும் சரி, உத்தரத்தில் பல்லி ஓடினாலும் சரி. அதற்கு ஓய்வு என்று பெயர்.

அந்த ஓய்வைத் தரச் சொல்லி ஒரு சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. நாலு மணி நேரத்துக்கு மேல் ஒருவரை வேலை வாங்குவதானால் நடுவில் ஒரு மணி நேரமாவது ஓய்வு விட வேண்டும் என்கிறது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். கூடுதல் வேலை சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 தாண்டக் கூடாது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். கண்ணாடிக் கட்டடங்களுக்கும் இந்தச் சட்டம்தான். தினமும் கொடுக்க வேண்டிய 60 நிமிடத்தைக் கூசாமல் எடுத்துக்கொண்டு, அதில் 20 நிமிடத்தை மாதத்துக்கு ஒரு தடவை ஊதா விளக்குப் போட்டுத் திருப்பித் தருகிறார்கள். அதற்கு நன்றி மின்னஞ்சல் வேறு அனுப்ப வேண்டும். திருட்டு நகையைச் சீர்வரிசையாகக் கொண்டுவந்து வைக்கும் இந்தத் துணிச்சல் கொள்ளைக்காரனுக்குக்கூட வராது.

நண்பரின் மகளும் பதிவு செய்துவிட்டுப் போனாள். போவதற்கு முன்னால் ஒரு சிக்கல்: இந்த 20 நிமிடத்தை டைம்ஷீட்டில் எந்தக் கணக்கில் எழுதுவது? மேனேஜரிடம் கேட்டாள். "நான்-பில்லபிள்ல போட்டுக்கோம்மா. யூட்டிலைசேஷன் குறையும், மாசக் கடைசியில சரிபண்ணிக்கோ." அதாவது, நிம்மதியாகப் படுத்த நேரத்தை ராத்திரி உட்கார்ந்து ஈடுகட்ட வேண்டும். சரியென்று போய்ப் படுத்தாள். போனை அணைக்கக் கூடாது, சைலன்டில் போடலாம் என்பது விதி. மெழுகுவத்தி ஏற்றினால் புகை அலாரம் அடிக்கும் என்பதால் பேட்டரி மெழுகுவத்தி. மாஸ்டர் கண்ணை மூடி, கையை நெற்றிக்கு மேல் நிறுத்தி, "உள்ளே ஏதாவது அதிர்வு தெரியுதாம்மா?" என்று கேட்ட அந்த நொடியில் இவள் பேன்ட் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. புரொடக்‌ஷன் இஷ்யூ. அமெரிக்காவில் யாருடைய திரையோ கறுத்துவிட்டது. "தெரியுது மேடம்" என்று எழுந்து ஓடியவள் அன்று வீடு திரும்ப ராத்திரி பதினொன்றரை. மறுநாள் கருத்துக் கேட்பு படிவம் வந்தது. பெயர் கேட்க மாட்டோம், மனம் திறந்து எழுதுங்கள் என்று மேலே எழுதியிருந்தது. முதல் கேள்வி: ஊழியர் எண்.

அலுவலகத்துக்கு வர இயலாதவர்களுக்குத் தொலைதூர ரெய்கியும் உண்டாம். ரெய்கியின் இரண்டாம் நிலையில் தூரத்துக்கு ஆற்றல் அனுப்பக் கற்றுத்தருகிறார்கள். சோழிங்கநல்லூரில் மாஸ்டர் கண்ணை மூடினால் தென்காசியில் படுத்திருப்பவருக்குத் தோள்வலி தீரும். இதை நம்பி நிர்வாகம் பணம் கொடுக்கிறது. இதே நிர்வாகம்தான், தென்காசியிலிருந்து இரண்டு வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தவனை, நேரில் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும் என்று சொல்லிச் சென்னைக்கு இழுத்து, பெருங்குடியில் ஒண்டுக்குடித்தனத்துக்கு அட்வான்ஸ் கட்டவைத்தது. பிரபஞ்ச சக்தி 600 கிலோமீட்டர் பாயும், எக்செல் கோப்பு மட்டும் பாயாது.

அந்த வைகை அறையில் மேசைகளை ஓரம் தள்ளி, மெத்தை விரித்து, விரிப்பு மாற்றி, எல்லாம் முடிந்தபின் தரையைத் துடைத்தவர் ஓர் அக்கா. ஹவுஸ்கீப்பிங். அவருக்குச் சம்பளம் கொடுப்பது வேறொரு ஒப்பந்தக்காரர், ஆகவே குடும்பத்தில் அவர் சேர்த்தியில்லை. வாசலில் 12 மணி நேரம் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனும், ராத்திரி ஒரு மணிக்குப் பெண்களை இறக்கிவிட்டு விடிகாலை ஷிப்டுக்கு மறுபடி கேப் எடுக்கும் டிரைவரும் அப்படித்தான். அந்தக் கட்டடத்தில் முதுகும் முழங்காலும் உண்மையிலேயே விண்டுபோனவர்கள் இவர்கள். பிரபஞ்ச ஆற்றலுக்குக் கூடப் பதிவுப் பட்டியல் பார்த்துத்தான் இறங்கத் தெரியும் போலிருக்கிறது.

ஊழியர் நலம் என்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க இவர்கள் குராமா மலைக்குப் போயிருக்க வேண்டாம், தியாகராய நகருக்கு வந்திருந்தால் போதும். அங்கே துணிக்கடைகளில் பெண்கள் காலையில் ஷட்டர் திறந்ததிலிருந்து ராத்திரி மூடும்வரை நின்றுகொண்டே இருந்தார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. சாய்ந்தால் கேமராவில் பார்த்துத் திட்டு விழும். கால் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்துக்கொண்டு வரும். இவர்களுக்கு யாரும் தியானம் சொல்லித்தரவில்லை. கேரளத்தில் பெண்கள் போராடி 2018இல் வாங்கிய உரிமையைப் பார்த்து, 2021இல் தமிழ்நாடும் அதே 1947ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது: வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும். அவ்வளவுதான். எல்லாக் கடையிலும் ஒழுங்காக நடக்கிறதா என்றால் இல்லை, ஸ்டூலைப் பெயருக்கு ஒன்று மூலையில் போட்டுவைக்கும் முதலாளிகள் உண்டு. ஆனால் கேட்க வேண்டியது ஸ்டூல்தான் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. பி.டெக் படித்த நமக்குத் தெரியவில்லை. நமக்குச் சக்கரத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒருவர் வந்தால் வரிசையில் நிற்கிறோம்.

இந்தத் தந்திரம் நம்மூர்க் கண்டுபிடிப்பும் இல்லை. 2021இல் அமேசான் தன் கிடங்குகளுக்குள் ஆளுயரப் பெட்டி ஒன்றை வைத்தது. ஓடி ஓடிப் பார்சல் எடுக்கும் தொழிலாளி மனம் சோர்ந்தால் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மனநல வீடியோ பார்க்கலாம். 'அமாசென்' என்று பெயர். பெருமையாக ட்விட்டரில் போட்டார்கள், உலகம் கைகொட்டிச் சிரித்தது, பதிவை நீக்கிவிட்டார்கள். 2024இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் வில்லியம் ஃபிளெமிங், பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பைப் பிரித்துப் பார்த்தார். மன அழுத்தத்தைச் சமாளிக்கும் வகுப்பு, தியானச் செயலி என்று தனிமனிதனைச் சரிசெய்யக் கம்பெனி வைத்த ஏற்பாடுகளில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட எந்த வகையிலும் நன்றாக இல்லை. சேவைப் பணிக்குப் போனவர்களிடம் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. கம்பெனியைவிட்டு வெளியே போனால் மனசு லேசாகிறது என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆதாரம்.

இது வரைக்கும் சிரித்தாகிவிட்டது. 2024 ஜூலையில் புனேயில் 26 வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள். பட்டயக் கணக்கர். பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனமொன்றில் சேர்ந்து நாலு மாதம். வேலைப்பளுதான் மகளைக் கொன்றது, இறுதிச் சடங்குக்கு அலுவலகத்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்று தாய் நிறுவனத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். வேலைப்பளு காரணமில்லை என்றது நிறுவனம். மகாராஷ்டிரத் தொழிலாளர் துறை போய்ப் பார்த்தபோது, அந்தப் புனே அலுவலகம் கடைகள் சட்டத்தின்கீழ் பதிவே செய்யாமல் 2007இலிருந்து நடந்து வந்தது தெரிந்தது. செப்டம்பரில் சென்னையில் ஒரு கல்லூரி விழாவுக்கு வந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், மன அழுத்தத்தைத் தாங்க வீட்டில் சொல்லித்தர வேண்டும், கடவுளை நம்பினால் ஆத்ம சக்தி வளரும், உள்வலிமை வரும் என்ற பொருளில் பேசினார். எதிர்ப்புக் கிளம்பியதும், பாதிக்கப்பட்டவரைக் குறைசொல்லவில்லை என்று விளக்கமும் தந்தார். 17 வருஷம் ஓர் அலுவலகத்தைப் பதிவேட்டில் யாரும் தேடாத நாட்டின் அமைச்சருக்கு, செத்துப்போன பெண்ணின் ஆத்ம சக்தியில் இருந்த குறை மட்டும் எப்படிக் கண்ணில் பட்டதோ தெரியவில்லை. அதே ஊதா ஒளிதான். ஒரு பக்கம் மனிதவளத் துறை காட்டுகிறது, இன்னொரு பக்கம் நிதித் துறை காட்டுகிறது.

ஜப்பானிலிருந்து கொண்டுவர வேண்டியது வேறொன்று இருந்தது. அளவுமீறிய வேலையால் ஒருவர் செத்தால் அதைத் தொழில்சார்ந்த சாவு என்று அந்த அரசு ஏற்று, குடும்பத்துக்கு இழப்பீடு தருகிறது. கரோஷி என்பார்கள். அதைத் தடுக்கவென்றே 2014இல் தனிச் சட்டம் போட்டார்கள். டென்ட்சு என்ற விளம்பர நிறுவனத்தில் ஓர் இளம்பெண் 2015இல் உயிரை மாய்த்துக்கொண்டபின், சட்டத்துக்கு மீறி வேலை வாங்கியதற்காக அந்த நிறுவனத்தை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். 2017இல் விதித்த அபராதம் வெறும் 5 லட்சம் யென், கேவலமான தொகை. என்றாலும் குற்றவாளிக் கூண்டில் ஏறியது நிறுவனம், அந்தப் பெண்ணின் மனவலிமை அல்ல. நம்மவர்கள் கப்பலில் ஏற்றிவந்தது ரெய்கியை மட்டும். கரோஷிச் சட்டத்தைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டார்கள்.

உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து போட்ட கணக்கு 2021இல் வந்தது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்த்ததால் பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016ஆம் ஆண்டில் மட்டும் செத்தவர்கள் 7,45,000 பேர். இந்தக் கணக்கு வந்தபிறகுதான் நம் தொழிலதிபர்களில் ஒருவர் வாரம் 70 மணி நேரம் என்றார், இன்னொருவர் 90 என்று ஏலத்தை ஏற்றினார், ஞாயிற்றுக்கிழமை மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்ப்பீர்கள் என்றும் கேட்டார். அவர்களுடைய ஆற்றல் புலத்தை யாராவது சுத்தம் செய்தால் தேவலை.

நம்முடைய 1947ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஓர் ஓட்டை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குக் கடைகள் சட்டம் பொருந்தாது. அதனால்தான் இரண்டு வருஷ அனுபவத்திலேயே உங்களுக்கு 'லீட்' பட்டம், ஐந்தில் 'மேனேஜர்' பட்டம். சம்பளம் அப்படியே இருக்கும், அட்டையில் மட்டும் அதிகாரம் கூடும். யாரையும் வேலைக்கு எடுக்கவோ ஒரு நாள் லீவு கொடுக்கவோ உரிமை இல்லாத மேனேஜர்களை ஆயிரக்கணக்கில் பெற்ற சாலை உலகத்தில் வேறெங்கும் இருக்காது. பட்டம் வந்தவுடன் ஏமாந்துவிடாதீர்கள். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைத்தான் தொழிலாளர் வழக்குகளில் பார்ப்பார்கள். ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. வைத்தும் இருக்கிறார்கள். அவர்கள் கூட்டத்துக்கு வரும் எண்ணிக்கையையும் ரெய்கிக்குப் பதிவு செய்யும் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிர்வாகம் ஏன் தூங்குகிறது, நாம் ஏன் தூங்குவதில்லை என்பது புரிந்துவிடும்.

ஆகவே, தம்பி தங்கைகளே, அடுத்த முறை தாமரைப் பூ மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடாதீர்கள். பதில் போடுங்கள். என்னுடைய கடந்த ஆறு மாத வேலை நேரப் பதிவேட்டின் நகல் வேண்டும், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் நான் பார்த்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இரட்டைச் சம்பளம் எப்போது கணக்கில் ஏறும் என்று கேளுங்கள். டீம் மொத்தமும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில் கேளுங்கள். அதற்கு மட்டும் தொலைதூரத்திலிருந்து பதில் வராது. நேரில் வருவார்கள்.